பேசாமல் போன மழைக்கோட்டு

ஏழாம் அத்தியாயம்

ஒரு வீட்டிலிருந்து ஒரு தாய் காணாமற்போனாள். கதவோ உள்ளே தாழிட்டபடி இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தாழை எவரும் ஐயுறவில்லை. கணவனை மட்டும் ஐயுற்றார்கள். தாழுக்கு வாயில்லை. கணவனுக்கு வாயிருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

அந்தக் கணவர் இப்போது முதியவர். நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் கிடந்து, ஒருவாறு தேறி, அன்று மாலை வீட்டுக்கு அனுப்பப்படவிருந்தார். எந்த வீட்டுக்கு என்பதே வழக்கு.

வழக்கை எடுத்துக்கொண்ட துப்பறியும் அம்மையாரை ஊரில் எல்லோரும் அண்ணி என்றே அழைத்தார்கள். உண்மையில் அவர் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி. அந்த ஒருவன் அவருடைய கணவரின் தம்பி. பட்டப்படிப்பை மும்முறை தொடங்கியவன். இப்போது அவருக்கு உதவியாளன், காரோட்டி, வேண்டாத இடங்களில் உரையாசிரியன். காவல் அதிகாரி முன்னும் களவாடியவன் முன்னும் அவன் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று அழைத்ததில் அந்த உறவு பொதுச்சொத்தாகிவிட்டது. அவனைக் கொழுந்தன் என்று மட்டும் எவரும் அழைக்கவில்லை. நாம் அழைப்போம்.

காலையில் அலுவலகத்துக்கு வந்தவள் அந்தத் தம்பதியின் ஒரே மகள். நெசவாலையில் துணியின் பழுது பார்ப்பவள். கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. ஒரு நூல் அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் பெண்ணுக்கே உரிய களைப்பு முகத்தில் இருந்தது. நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிட்டாள்.

"அப்பா கொன்னாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும் அண்ணி. கொன்னிருந்தா அவர் முன்னால நான் எப்படிச் சாப்பாட்டுத் தட்டை வைப்பேன்? கொல்லலன்னா எப்படி அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவேன்? சாயங்காலம் இல்லத்து வண்டி வருது. வேண்டாம்னு சொல்றதா இருந்தா அதுக்குள்ள சொல்லணும்."

பிறகு அன்றைய நிகழ்ச்சியைச் சொன்னாள். பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை அது.

அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். நாள் முழுவதும் எழுத்துகளோடு புழங்கியதாலோ என்னவோ, சொற்களைச் செலவழிப்பதில் கருமி. அம்மா வீட்டிலிருந்தே ஒரு கையுறைப் பட்டறைக்குத் தையல் வேலை செய்தாள். பட்டறையிலிருந்து ஒரு பெண் வாரந்தோறும் வந்து, வெட்டிய தோலைக் கொடுத்து, தைத்த கையுறைகளை மூட்டை கட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு மூட்டைக்காரம்மா என்று பெயர். காற்றோ வெயிலோ, எப்போதும் ஒரு பச்சை மழைக்கோட்டு.

வீட்டுக்கு வாயில் ஒன்றே; பின்புறம் உயர்ந்த மதில். எதிர்வீட்டில் அப்பாவின் அக்கா, அதாவது மகளுக்கு அத்தை. அத்தையின் ஜன்னல் இந்த வாசலைப் பார்த்திருந்தது. அத்தை ஜன்னலைப் பார்த்திருந்தாள். அம்மா வாசற்படியில் கால் வைத்தால், எங்கே புறப்பாடு என்று எதிரிலிருந்து குரல் வரும். அம்மா எங்கும் புறப்பட்டதில்லை.

வீட்டில் ஒரு விதி இருந்தது. யார் வெளியே போனாலும், போனவுடன் தாழிடுவது சிறுமியின் பொறுப்பு. ஏழு வயதில் அது அவளுக்கு அரசு உத்தியோகம் போல. அன்று மதியம் மழை. உறங்கி எழுந்து கூடத்தின் கோடிக்கு வந்தாள். மூட்டைக்காரம்மா கோட்டின் தலைமூடியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பையோடு, வாசலில் புறப்பட்டு நின்றாள். தாழிடும்படி கையால் சைகை செய்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள். சிறுமி ஓடிவந்து தாழிட்டாள். அம்மா உள்ளறையில் தைத்துக்கொண்டிருப்பாள் என்று எண்ணிக் கூடத்திலேயே விளையாடினாள். மாலையில் அப்பா வந்து தட்ட, அவள்தான் திறந்தாள்.

அம்மா எங்கே என்று அப்பா கேட்டார். உள்ளே என்றாள் மகள். அப்பா உள்ளே போனார், வெளியே வந்தார், மகளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சிறிது நேரம் தனியே இருந்தார். அந்தச் சிறிது நேரத்துக்குள் ஊரார் ஒரு கொலையை வைத்துப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. மூட்டைக்காரம்மாவைத் தவிர அந்த வீட்டைவிட்டு ஒருவரும் வெளியேறவில்லை என்று சிறுமி சொன்னாள். அத்தையும் அதையே, தன் கண்காணிப்பின் பெருமை குறையாமல், சத்தியம் செய்து சொன்னாள். அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலை தன் தம்பி என்பது அவளுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. காவலர்கள் தோட்டத்தைத் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை; அந்த ஆண்டு பூச்செடிகள் மட்டும் நன்றாக வளர்ந்தன. உடலில்லாத கொலைக்கு வழக்குமில்லை. அப்பா தெருவில் நடந்தால் எதிரே வருபவர்கள் அந்தப் பக்கம் மாறினார்கள். விடுமுறை நாட்களில் அவர் எங்கோ ரயிலேறிப் போவார். எங்கே என்று சொல்லமாட்டார். அதுவும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது.

"நான்தான் அண்ணி சாட்சி," என்றாள் மகள். "நான் பாத்ததைத்தான் சொன்னேன்."

அண்ணி கேட்டது ஒரே கேள்வி. மூட்டைக்காரம்மா வெளியே போனதைப் பார்த்தவர் இருவர். உள்ளே வந்ததைப் பார்த்தவர் யார்?

மகள் யோசித்தாள். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். அத்தை மதியச் சாப்பாட்டுக்காக ஜன்னலைவிட்டு எழுந்திருப்பாள். ஆனால் எழுந்ததாக அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

போகும்போது மகள் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். சிறுவயதில் பள்ளியில் வரைந்த இரண்டு படங்கள், வீட்டில் எஞ்சியவை. இரண்டுக்கும் தலைப்பு ஒன்றே: என் வீட்டுக்கு வருபவர்கள், என் வீட்டில் இருப்பவர்கள்.

முதற்படத்தில் அப்பா, அம்மா, அத்தை, மூட்டைக்காரம்மா நால்வரும் நின்றார்கள். உடைகள் அழகாக வந்திருந்தன. மழைக்கோட்டின் கீழ்ப்பொத்தான்கள், பைத்துணியின் தையல், அப்பாவின் சட்டைப்பையில் ஒட்டிய மை எல்லாம் இருந்தன. முகம் மட்டும் ஒருவருக்கும் இல்லை, வெறும் வட்டங்கள். முகம் எங்கே என்று ஆசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார். இரண்டாவது படத்தில் அப்பாவும் அத்தையும் மட்டும். அத்தையின் புருவமும் மோவாய் மச்சமும், அப்பாவின் கன்னக்குழியும் கண்ணீர்விடும் அளவுக்குத் துல்லியம்.

கொழுந்தன் படங்களை எட்ட வைத்துப் பார்த்துத் தன் தீர்ப்பை வழங்கினான். அம்மா போன துயரத்தில் குழந்தைக்கு முகங்களே மறந்துவிட்டன. வெற்று வட்டம் சோகத்தின் சின்னம். அவன் இரண்டாம் முறை படித்தபோது உளவியல் ஒரு பாடமாக இருந்தது.

"அந்தப் பாடத்துல பாஸ் பண்ணினியா தம்பி?"

"அதுக்குள்ள மூணாவது தடவை சேர்ந்துட்டேன் அண்ணி."

"முகமில்லாத படத்துல அம்மா இருக்காங்க. அது அம்மா போறதுக்கு முன்னால வரைஞ்சது. துயரம் வந்தப்புறம்தான் முகம் வந்திருக்கு. வண்டியை எடு."

மூட்டைக்காரம்மா இன்னும் இருந்தார். ஆற்றங்கரையை அடுத்த ஓட்டு வீடொன்றில், ஒரு பூனையோடும் முழங்கால் வலியோடும் இருந்தார். கதவைத் திறந்தபோதே பேசிக்கொண்டிருந்தார். எவரோடு என்பது தெரியவில்லை. வருகைக்குக் காரணம் கேட்காமலே இருவரையும் அமர்த்தி, முழங்காலைப் பற்றியும், பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றியும், அந்த மருமகள் முழங்காலைப் பற்றிச் சொன்ன மருந்தைப் பற்றியும், மருந்தால் பூனைக்கு ஏற்பட்ட விளைவைப் பற்றியும் திருவாய் மலர்ந்தருளினார். கொழுந்தன் இருமுறை வாயெடுத்தான். இருமுறையும் அலையில் அகப்பட்ட படகைப் போலக் கரையிலேயே ஒதுங்கினான். பேச்சையே தொழிலாகக் கொண்டவனுக்கு அப்படியொரு தோல்வி அதுவரை நேர்ந்ததில்லை.

"மூச்சு விடவாவது நிறுத்துவாங்கன்னு பாத்தேன் அண்ணி," என்று அவன் காதோடு சொன்னான். "அதையும் பேசிக்கிட்டேதான் விடறாங்க."

அண்ணி காத்திருந்தார். பூனை எழுந்து வெளியே போன இடைவெளியில், அந்தப் பழைய வீட்டையும் அந்த மதியத்தையும் நினைவூட்டினார். மூட்டைக்காரம்மா தயங்கவில்லை. காவலர்களிடம் சொன்னதையே சொன்னார். வந்தேன், மூட்டையைக் கட்டினேன், புறப்பட்டேன், குழந்தை தாழிட்டது. இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்லும் பிசகவில்லை. மற்ற எதைச் சொன்னாலும் நான்கு கிளை பிரிந்து போகிற பேச்சு, இதில் மட்டும் தண்டவாளத்தின்மேல் போல் ஓடியது.

"அந்தக் குழந்தைகிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க பெரியம்மா?"

"என்ன சொல்லியிருப்பேன், எப்பவும் சொல்றதுதான். அடியே ராணி, கதவைச் சாத்து, மழைச் சாரல் உள்ள வருது பாரு, அப்பா வந்தா திற, வேற எவன் வந்தாலும் திறக்காத, உன் பொம்மைக்கு அடுத்த தடவை ஒரு துண்டுத் தோல் கொண்டாரேன்னு. அது எதிர்ல நின்னா எனக்குப் பேசாம போக வராதும்மா. யாரு எதிர்ல நின்னாலும் வராது."

"அன்னிக்கு ஒரு வார்த்தை பேசலன்னு அவ சொல்றா. கையைக் காட்டிட்டு, கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, போயிட்டீங்களாம்."

மூட்டைக்காரம்மா வாயைத் திறந்தார், மூடினார். அந்த வீட்டில் முதன்முறையாகக் கடிகாரத்தின் ஓசை கேட்டது.

"கோட்டு அன்னிக்கு எங்கிட்ட இல்லம்மா," என்றார் கடைசியில்.

முந்தின வாரமே அதை அந்தத் தாய் வாங்கி வைத்துக்கொண்டாள். கை கிழிந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு, பிறகு உண்மையைச் சொன்னாளாம். ஒரே ஒரு மதியம் எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியாமல் வெளியே போய்வர வேண்டும். எங்கே என்று சொல்லவில்லை. யாரேனும் கேட்டால் வழக்கம்போல் வந்துபோனதாக மட்டும் சொல்லச் சொன்னாள். ஒரு மதியந்தானே என்று மூட்டைக்காரம்மா தலையாட்டினார். அடுத்த நாள் கேட்க வந்தவர்கள் காவலர்கள். பயத்தில் அதையே சொன்னார். சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல இன்னும் பயம்.

"எங்க போனான்னு சத்தியமாத் தெரியாதும்மா. சாயங்காலம் நானே வந்து கோட்டைக் கொடுத்துடறேன்னா. விளக்கை வெச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். வரல."

கொழுந்தன் மெல்லக் கேட்டான். குழந்தையோ அவ்வளவு சிறிய குழந்தையில்லை. தாய்க்கும் மூட்டைக்காரிக்கும் வேறுபாடு தெரியாமலா போயிற்று?

அதற்கு வந்த விடைதான் அன்றைய நாளைப் புரட்டிப்போட்டது.

"அதைத்தான் அவரும் தெரிஞ்சுக்கிட்டாரு தம்பி. அந்தப் பொண்ணோட அப்பா."

சில மாதங்களுக்குப் பின் அவர் இங்கு வந்தாராம். தாயில்லாத பெண்ணுக்கு இரவில் தாமே பாடம் சொல்லித்தர உட்கார்ந்தவர், அது புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் படிப்பதைக் கண்டிருக்கிறார். எழுத்தை எவ்வளவு தொலைவில் பிடிக்க வேண்டும் என்பது அச்சுக் கோப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். திரும்பும் வழியில், மனைவி தைத்து மிஞ்சிய கையுறைகளைக் கொடுத்துவிட்டுப் போக, குழந்தையோடு இந்த வாசலில் வந்து நின்றார்.

"மூக்குல புதுக் கண்ணாடி. என்னை அண்ணாந்து உத்து உத்துப் பாத்துச்சு. வாரம் தவறாம அந்த வீட்டுக்குப் போனவ நான். கன்னத்தைக் கிள்ளாம வந்ததில்ல. அது அப்பா கையைப் பிடிச்சு இழுத்து, 'இவங்க யாருப்பா?'ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு நான் கோட்டு போடல பாரு."

அவர் முகம் போன போக்கை மூட்டைக்காரம்மா இன்னும் மறக்கவில்லை. குழந்தையைப் பூனையோடு விளையாட அனுப்பினார். ஒரே ஒரு வினா கேட்டார்: அன்று அந்த வீட்டுக்கு வந்தது நீங்களா? மூட்டைக்காரம்மா அழுதார். காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார்.

"ஏன்னு கேட்டேன்மா. நீங்க கொலைகாரர்னு ஊரே பேசுதே, என் ஒரு வார்த்தையில தப்பிச்சுடுவீங்களேன்னேன். அவரு சொன்னாரு, 'நான் தப்பிச்சுடுவேன். அம்மா போறப்ப பின்னாலயே கதவைச் சாத்தினது நீதான்னு அந்தக் குழந்தைகிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?' எனக்கு வாய் வரல. எனக்கே வரல."

அதன்பின் விடுமுறைதோறும் அவர் ஊர் ஊராக ரயிலேறித் தேடியதை மூட்டைக்காரம்மா அறிவார். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன், கோட்டின் நிறத்தையும் அதன் கிழிந்த கையின் அடையாளத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்வாராம்.

  திரும்பும் வழியில், பாலம் தாண்டியபின் கொழுந்தன் காரை ஓரமாக நிறுத்தி, முதற்படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பொத்தானும் தையலும் தெளிவாக இருந்ததன் காரணம் அவனுக்கும் இப்போது தெரிந்தது. ஏழு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு அருகில் இருப்பது பிறருடைய இடுப்பு. முகங்கள் எட்ட இருந்தன. எட்ட இருந்த யாவும் பனிமூட்டம். பச்சை நிறம் மூட்டைக்காரம்மா. மை நாற்றம் அப்பா. குழந்தை பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னது. கண்டது மழைக்கோட்டை மட்டும்.

"சொல்லாம விட்டுடலாமா அண்ணி? கொல்லலன்னு மட்டும் சொல்லுவோம். அந்த மனுஷன் ஆயுசு முழுக்க கட்டிக் காத்ததை நாம ஒரு சாயங்காலத்துல போட்டு உடைக்கணுமா?"

"எப்படித் தெரியும்னு கேப்பா. துணியில ஒரு நூல் அறுந்தா கண்டுபிடிக்கிறவ. பாதி உண்மையைக் கொடுத்தா இன்னொரு முப்பது வருஷம் அதையே பிரிச்சுக்கிட்டு இருப்பா."

"அப்போ அவர் செஞ்சது தப்பா?"

"ஏழு வயசுல அவளுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. இந்த வயசுல தெரியாம இருக்கக் கூடாது. அவர் முதல் பாதியைச் செஞ்சுட்டாரு. மிச்சத்தைச் செய்ய அவருக்கு மனசு வரல. நமக்கு அதுக்குத்தான் கூலி." சற்றுப் பொறுத்து அண்ணி சொன்னார்: "ஆஸ்பத்திரியில யார்கிட்டயாவது ஒரு வெள்ளைக் கோட்டு கடன் வாங்கு. போட்டுக்கிட்டு அந்தக் கோடியிலேர்ந்து நடந்து வரணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"கோட்டு கிடைச்சுடும். அந்த ரெண்டாவது விஷயத்துக்குத்தான் யார்கிட்ட கடன் வாங்கறதுன்னு தெரியல."

மருத்துவமனையின் நடைவழி நீண்டது. ஒருபுறம் படுக்கைக் கூடங்கள். மறுபுறம் உயர்ந்த ஜன்னல்கள். கூடத்தின் வாசலில், இல்லத்து வண்டிக்காகவும் அண்ணிக்காகவும் ஒருசேரக் காத்து, மகள் நின்றிருந்தாள். இரண்டில் எது முதலில் வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

அண்ணி அவளிடம் கண்ணாடியைக் கேட்டார். அவள் வியந்து, கழற்றிக் கொடுத்தாள். மேல்துணியில் துடைப்பது போல் அண்ணி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அங்க வர்றது யாருன்னு தெரியுதா?"

நடைவழியின் கோடியில் ஓர் உருவம் நடந்து வந்தது.

"டாக்டர்."

"எப்படித் தெரியும்?"

"வெள்ளைக் கோட்டு போட்டிருக்..."

சொல் நின்றது. உருவம் தொடர்ந்து நெருங்கி வந்தது. கைநீட்டும் தொலைவில் அது கொழுந்தனாயிற்று. கேட்ட வரத்தைக் கொடுத்த தெய்வம் போல் அவன் பேசாமல் நின்றான்.

மகள் அவனைப் பார்க்கவில்லை. அண்ணி கையிலிருந்த முதற்படத்தை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், அந்த வெற்று வட்டங்களைப் பார்த்தாள். மழைக்கோட்டின் பொத்தான்களை ஒரு விரலால் தடவினாள். அண்ணி நடந்ததை முழுவதும் சொன்னார், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. 

"தாழ் போட்டது நான்," என்றாள் முடிவில்.

"போடச் சொன்னாங்க, போட்டீங்க. உங்க வீட்டு வழக்கமே அதுதானே. சாயங்காலம் கோட்டைத் திருப்பித் தர்றேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. வாசல்ல நின்னது மழைக்காக இல்ல. மழை அன்னிக்கு விடவே இல்லையாம். மழைக்கு நின்னவங்க அந்த மழையிலயே இறங்கியிருக்க மாட்டாங்க. உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அது வேற வேலை. நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான்."

"அப்பாவுக்கு?"

"கண்ணாடி வாங்கின அன்னிக்கே தெரியும்."

இல்லத்து வண்டிக்காரன் கையில் தொப்பியோடு அப்போது வந்து, முதியவர் எந்தப் படுக்கை என்று கொழுந்தனைக் கேட்டான். வெள்ளைக் கோட்டுக்கு உரிய மரியாதையோடு கேட்டான். கொழுந்தன் அதற்கு உரிய கம்பீரத்தோடு, நோயாளியை உறவினர் அழைத்துச் செல்வதாகக் கைச்சைகையாலேயே தெரிவித்து அவனைத் திருப்பியனுப்பினான். மகள் அதைத் தடுக்கவில்லை.

அவள் கூடத்துக்குள் போனாள். கண்ணாடி இன்னும் அண்ணியின் கையில் இருந்தது. அண்ணி பின்னாலேயே போய் அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் மூடிக்கொண்டாளேயன்றி அணியவில்லை.

முதியவர் படுக்கையின் விளிம்பில், சட்டையின் மேற்பொத்தான் வரை போட்டுக்கொண்டு, சிறிய பெட்டியை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். எவரையும் எதிர்பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருப்பவர்கள் உட்காரும் விதம் அது. மகள் வருவதைப் பார்த்து எழுந்தார். அவள் அவர் மடியிலிருந்து நழுவிய பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுக்குப் போலாம்பா," என்றாள்.

 இல்லத்து வண்டி என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். வெறுமையாயிருந்த மூக்கைப் பார்த்தார். மூடிய கையைப் பார்த்தார். வாசலில் நின்ற அண்ணியையும், கடன் வாங்கிய கோட்டில் நின்ற கொழுந்தனையும் பார்த்தார். அச்செழுத்தை இடம் வலம் மாற்றிப் படித்துப் பழகிய கண்களுக்கு அவ்வளவு போதும்.

 பிறகு, பள்ளிக்கு அனுப்பும் காலைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார்:

"கண்ணாடியைப் போட்டுக்கம்மா. வெளியில படி இருக்கு."